சொரிமுத்துவின் இடது கை

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். கத்தி பிடிக்கிற டாக்டரம்மா. அவருக்கு எதிர்ப்பக்கம் நின்று பஞ்சு ஒற்றுகிற சின்ன டாக்டர். சாமான்களை எடுத்துக் கொடுக்கிற ஜெபராணி சிஸ்டர். கால்மாட்டில் உட்கார்ந்து, விரலில் மாட்டிய கிளிப்பின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிற வழுக்கைத் தலை டாக்டர். கதவோரம் ரப்பர் செருப்பைத் தேய்த்து நடக்கிற ஆயா. மேசைமேல் மல்லாந்து கிடக்கிற ஆவுடையம்மாள். முகத்தில் பச்சைத் துணி விழுவதற்குள் நான்கு பேரைக் கண்ணால் எண்ணிவிட்டாள். ஆயாவைச் செருப்புச் சத்தத்தை வைத்துச் சேர்த்துக்கொண்டாள். தன்னை எண்ணலாமா வேண்டாமா என்று சற்று யோசித்து, எண்ணினாள். அவள் வேலை பார்த்த பாத்திர வாடகைக் கடையில் அப்படித்தான் வழக்கம். வண்டியில் ஏறிப் போகிற ஆள், தன்னையும் சேர்த்துத்தான் கணக்குச் சொல்ல வேண்டும்.

துணியில் ஒரு ஓட்டை, ஓட்டைக்குள் வலது கண். இமை இரண்டையும் விரித்து ஒரு கம்பியை மாட்டியிருந்தார்கள். இமைக்க நினைத்தால் நினைப்புதான் போகிறது, இமை போகவில்லை. மேலே இருந்த விளக்கு ஒன்றுதானா, மூன்றா, தெரியவில்லை. சொட்டு மருந்து விழும்போதெல்லாம் அது கரைந்து, பிறகு மெல்லக் கூடிக்கொண்டது. "கீழ பாருங்கம்மா. உங்க கால் விரலைப் பார்க்குற மாதிரி. அப்படியே வச்சுக்கோங்க" என்றார் டாக்டரம்மா. அப்படியே வைத்துக்கொண்டாள். சொன்னதைச் செய்வதில் அவளுக்கு எப்போதும் கஷ்டம் இருந்ததில்லை. கேட்பதில்தான் கஷ்டம். இந்த ஆஸ்பத்திரிக்கு வந்த மூன்று தடவையும், கழிப்பறை எங்கே என்று கேட்கக் கூச்சப்பட்டு, பஸ் ஏறி வீடு போகும்வரை அடக்கிக்கொண்டவள். ஊசி போட்டார்கள். கண்ணுக்குள் ஊசி என்றால் எப்படி இருக்கும் என்று ஒரு மாதமாகப் பயந்ததற்கு அது ஒன்றுமில்லை, ஒரு எறும்பு. பயந்த அளவுக்கு வலிக்காதது ஏமாற்றமாகக்கூட இருந்தது. அந்தப் பயம் இனி எங்கே போய் உட்காரும்? உட்கார இடம் தேடிக்கொண்டு அது பழைய இடத்துக்கே வந்தது. இடது கண் ஆறு வயதிலேயே போய்விட்டது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கக் கரைத்த சுண்ணாம்பு தெறித்து, பால் திரிந்தது போல் ஆகிவிட்டது. இருப்பது இது ஒன்று. இது போனால். அந்த வாக்கியத்தை அவள் ஒரு நாளும் முடித்ததில்லை. இது போனால் என்று வரும், அங்கேயே நிற்கும்; அவள் எழுந்து போய் ஏதாவது பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்துவிடுவாள். இங்கே எழுந்து போக முடியாது. தேய்க்கப் பாத்திரமும் இல்லை.

"தொடாத, கட்டியைத் தொடாத. சுத்தி இருக்குற தோலைப் பிடி" என்று டாக்டரம்மா சின்ன டாக்டரிடம் சொன்னார். "தொட்டா விதை மாதிரி சிதறிடும். சிதறுன இடத்துலெல்லாம் முளைக்கும்." கட்டி, மூக்கோரத்து வெள்ளை விழியில் முதலில் ஒரு துளியாக வந்தது. பிறகு கோழிக்கொண்டை போல ரோஸ் நிறத்தில் மடிப்பு மடிப்பாய் விரிந்து, கருவிழிமேல் ஏறி, கண்பாப்பாவை முக்கால்வாசி மூடியது. இமைக்கும்போதெல்லாம் உறுத்தும். முதல் நாள் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னார், "புத்துநோய் இல்லம்மா. சாதாக் கட்டிதான். ஆனா அது உக்காந்திருக்கிற இடம் சாதா இடம் இல்ல. விட்டா ஆறு மாசத்துல முழுசா மூடிரும்." ஏன் ஒன்றரை வருஷம் சும்மா இருந்தீர்கள் என்று கேட்டார். படுக்கையில் கிடக்கிற வீட்டுக்காரரை யாரிடம் விட்டுவிட்டு வருவது என்பதைச் சொல்ல ஆரம்பித்தால் எங்கே கொண்டுபோய் நிறுத்துவது. கட்டி மூடாத கீழ் விளிம்பு வழியாக, தலையை வலப்பக்கம் சாய்த்து, கோழி பார்ப்பது போல் பார்த்து அவள் காலம் தள்ளினாள். சாய்த்துப் பார்த்தால் விரல் தெரியும். அவளுக்கு வேண்டியது விரல்தான்.

சொரிமுத்துவின் விரல். பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாகிறது. வலது கையும் வலது காலும் பேச்சும் ஒரே காலைப்பொழுதில் போயின. காது கேட்கும், எல்லாம் புரியும். வாயைத் திறந்தால் ஒரே சத்தம். தண்ணீருக்கும் அதுதான், வலிக்கும் அதுதான், பல்லி விழுந்தாலும் அதுதான். எழுதப் படிக்கத் தெரியாதவர். முதல் வாரம் அவர் கத்த, அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்ட, அவர் தலையைத் திருப்பிக்கொள்ள, இரண்டு பேரும் களைத்துப்போனார்கள். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, அவர் இடது கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்டினார். டம்ளர். அவள் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். இருபத்தெட்டு வருஷம் இரண்டு பேரும் அந்தக் கடையில் வேலை பார்த்தவர்கள். அவர் ஏற்றி இறக்குவார், அவள் கழுவி எண்ணுவாள். பித்தளையும் எவர்சில்வரும் மோதுகிற சத்தத்தில் அந்தக் குடோனில் பேச்சு எடுபடாது. கை காட்டித்தான் கேட்பார்கள், கை காட்டித்தான் சொல்வார்கள். அவள் எண்ணும்போது குறுக்கே பேசினால் முதலிலிருந்து எண்ண வேண்டும் என்பதால், அவர் வாசலில் கையைத் தூக்கிக்கொண்டு, அவள் நிமிர்ந்து பார்க்கும்வரை நிற்பார். சில நாள் வேண்டுமென்றே நிமிராமல் இருப்பாள். "ஏளா, கை கடுக்கு" என்று கடைசியில் அவர் சத்தம் போடுவார். அந்தச் சைகைகள் மொத்தம் இருபத்தொன்று. அண்டா, கொப்பரை, பெஞ்சு, ஜமுக்காளம் எல்லாம் இரண்டு கையாலும் காட்ட வேண்டியவை. பக்கவாதத்தோடு அவை போயின. ஒற்றைக் கையால் முடிந்தவை பதினொன்று மிஞ்சின. வளையம் தண்ணீர். விரித்த உள்ளங்கை, அது தட்டு, பசி. குழித்த கை கிண்ணம், கஞ்சி. மடக்கிய விரல் கரண்டி, மருந்து. நிமிர்ந்த விரல் விளக்கு. இரண்டு விரல் ஜோடி, பக்கத்தில் வந்து உட்கார். கட்டைவிரலைக் கீழே நீட்டினால் சரக்கு இறக்க வேண்டும். இதை முதலில் காட்டியபோது அவருக்கே சிரிப்பு வந்து, கோணிய வாயில் சிரித்து, அவள் பெட்பேன் எடுத்து வருவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. முஷ்டி என்றால் நெளிசல், பாத்திரம் அடிபட்டிருக்கிறது, வலிக்கிறது. கையை ஆட்டினால் கணக்குத் தப்பு. நெஞ்சில் வைத்தால் கணக்குச் சரி. சுண்டுவிரலை மட்டும் நீட்டினால் குறைகிறது. எது குறைகிறது என்று அதற்கு மேல் சொல்ல வழியில்லை.

இப்போது அவரோடு இருப்பது பக்கத்து வீட்டுக் கோமதி. நேற்றுச் சாயந்திரம் ஆவுடையம்மாள் பதினொன்றையும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். மூன்றாவதிலேயே கோமதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "என்ன மதினி இது, பரதநாட்டியம் படிக்க விட்ட மாதிரிலா இருக்கு. நமக்கு இதெல்லாம் ஏறாது. அண்ணாச்சி கத்துனா தண்ணி குடுப்பேன், அடங்கலன்னா சோறு குடுப்பேன். அதுக்கும் அடங்கலன்னா டிவியைப் போட்டுருவேன்." சொரிமுத்து கட்டிலில் இருந்து கையை ஆட்டினார். கணக்குத் தப்பு. "பாரு, இப்பமே என்னமோ திட்டுதாரு" என்றாள் கோமதி. அவள் நல்லவள்தான். நல்லவள்தான் என்று நினைத்த உடனே, ஒரு சின்னக் கிண்ணம் ஞாபகத்தில் வந்து நின்றது. வேண்டாம். கால் விரலைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், கால் விரலைப் பார். காலுக்கும் கண்ணுக்கும் நடுவே பச்சைத் துணி. கிண்ணம் போகவில்லை. கட்டி துளியாக இருந்த நாளில், வெறும் சிவப்பு என்று நினைத்து, பிள்ளை பெற்றவளின் பால் இரண்டு சொட்டு விட்டால் சூடு இறங்கும் என்று தெருவில் எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்யப் போனாள். கோமதியின் மருமகள் பெற்று நாற்பது நாள் ஆகியிருந்தது. மூன்று நாள் வாசல்வரை போய்ப் போய்த் திரும்பி, நாலாம் நாள் கிண்ணத்தோடு நின்று கேட்டாள். கோமதி கதவை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு, "பிள்ளைக்கே பத்த மாட்டேங்கு மதினி" என்றாள். உள்ளே பிள்ளை பால் குடித்த மயக்கத்தில், வாயோரம் வழிய, தொட்டிலில் கிடந்தது இடுக்கு வழியாகத் தெரிந்தது. அவள் பார்வை போன பக்கம் பார்த்துவிட்டு, கோமதி கதவை இன்னும் கொஞ்சம் சாத்தினாள். அவ்வளவுதான் நடந்தது. யாரும் யாரையும் வைது ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து கிண்ணத்தைக் கழுவி வைத்தாள். அழுக்குப் படாத கிண்ணத்தை எதற்குக் கழுவினோம் என்று பிறகு தோன்றியது.

"வந்துருச்சு" என்றார் டாக்டரம்மா. "முழுசா வந்துருச்சு. ஜெபராணி, பாட்டில்ல போடு, லேபுக்குப் போகட்டும்." ஏதோ ஒன்று கண்ணை விட்டுப் போனது ஆவுடையம்மாளுக்குத் தெரிந்தது, வலியாக இல்லை, ஒரு கனம் குறைந்தது. முடி கருகுகிற வாசனை வந்தது. தன் உடம்பு கருகுகிற வாசனை இப்படித்தான் இருக்குமா, மற்றவர்களுடையது போலவே. பிறகு குளிர்ந்த குச்சி ஒன்று வந்து தொட்டது. ஸ்ஸ் என்று ஒரு சத்தம், விழியின் ஓரம் உறைந்து இழுத்து, விட்டது. மறுபடியும் ஸ்ஸ். மிச்சம் மீதி விதை இருந்தால் குளிரில் செத்துப்போகும் என்று சின்ன டாக்டர் யாரிடமோ சொல்வது போல் அவளிடம் சொன்னார். அதன் பிறகு யாரும் பேசவில்லை. கிளிப்பின் சத்தம் மட்டும் கேட்டது. எதற்காக இந்த அமைதி? கடையில் கணக்குக் குறைந்தால்தான் இப்படி அமைதியாவார்கள். "அடியில பாருங்க மேடம்" என்றார் சின்ன டாக்டர் மெதுவாக. "ம்" என்றார் டாக்டரம்மா. "நடு வரைக்கும் போயிருக்கு." "ம். சுரண்டாத. அதுக்கு மேல சுரண்டுனா மெல்லிசாயிடும்." எது மெல்லிசாகும், எது நடுவில் போயிருக்கிறது என்று கேட்டால் சொல்வார்கள். அவள் கேட்கவில்லை. இது போனால். கட்டிலில் அவர் கையைத் தூக்குவார். தூக்கியிருக்கிறார் என்பதே தெரியாமல் அவள் அடுப்படியில் நிற்பாள். போய்த் தடவிப் பார்த்தால் ஆகாதா? ஆகாது. பக்கவாதம் வந்ததிலிருந்து, கையைத் தொட்டால் அவருக்கு அழுகை வந்துவிடுகிறது. நோயின் குணம் என்று டாக்டர் சொன்னார். அழுகை வந்தால் விரல்கள் மூடிக்கொள்கின்றன, பிறகு அரைமணி நேரம் திறக்காது. கரண்ட் இல்லாத ஒரு தடவை அவள் அப்படித் தடவிப் பார்த்திருக்கிறாள். இருட்டில் அவர் அழ, அந்த மூடிய கையை என்ன என்று படிப்பது. பார்த்துத்தான் ஆக வேண்டும். எட்ட நின்று, தொடாமல், நிமிர்ந்து பார்க்க வேண்டும்.

"ஜெபராணி, மெம்பரேன் எடுத்துட்டியா?" "ஐஸ் கரைஞ்சிட்டிருக்கு மேடம்." அது என்னவென்று நேற்றுக் கையெழுத்து வாங்கும்போது ஜெபராணி சொல்லியிருந்தாள். கட்டி எடுத்த இடம் புண்ணாகக் கிடக்கும், அதன்மேல் ஒரு சவ்வு வைத்து மூடுவார்கள். பனிக்குடத்துச் சவ்வு. "எந்த மாட்டோடது?" என்று அவள் கேட்டதற்கு ஜெபராணி சிரித்துவிட்டாள். "மாடு இல்லம்மா, மனுஷி. ஆபரேஷன் பண்ணிப் பிள்ளை எடுத்தப்ப, அந்தத் தாய் எழுதிக் குடுத்தது. சோதிச்சு, சுத்தம் பண்ணி, ஐஸ்ல வச்சிருப்போம். பிள்ளையும் நல்லாயிருக்கு, தாயும் நல்லாயிருக்கா, பயப்படாதீங்க." யார் என்று ஜெபராணிக்கே தெரியாதாம். அந்தத் தாய்க்கும் இது யார் கண்ணுக்குப் போகும் என்று தெரியாது. தெரிந்திருந்தால் கொடுத்திருப்பாளா? தெரிந்தவள் இரண்டு சொட்டுப் பால் கொடுக்கவில்லை. தெரியாதவள், பிள்ளையைச் சுற்றியிருந்ததையே கொடுத்திருக்கிறாள். தெரியாததால்தான் கொடுத்தாளோ. அந்தப் பிள்ளை இப்போது நடக்குமா, பேசுமா? ஈரமாய், குளிர்ந்து, ஒன்றுமே கனக்காமல் ஏதோ ஒன்று விழியின் மேல் வந்து படிந்தது. சின்ன டாக்டர் ஓரங்களை இழுத்து விடுவது தெரிந்தது, விரிப்பில் சுருக்கம் எடுப்பது போல. தன் பனிக்குடத்தை என்ன செய்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது. வாளியில் போட்டிருப்பார்கள். பெரியாஸ்பத்திரியில், ஒன்பது மாதம் முடிந்து, வலி எடுத்து, எல்லாம் ஒழுங்காக நடந்து, சத்தம் மட்டும் வரவில்லை. நர்ஸு ஒருத்தி பிள்ளையைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுபோனாள். ஆவுடையம்மாள் கட்டிலில் கிடந்தபடி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வார்டில் ஆண்களை உள்ளே விடமாட்டார்கள். நடைக்கு அப்பால், கம்பிக் கதவுக்கு வெளியே, சொரிமுத்து வந்து நின்றார். இருபத்தாறு வயது, மீசை, தோளில் துண்டு. அத்தனை கட்டில், அத்தனை பிள்ளைகளின் அழுகை, அதற்கு மேல் பேச்சு எடுபடாது. அவர் கையைத் தூக்கினார். சுண்டுவிரலை நீட்டினார்.

"அம்மா, தண்ணி வருது. வலிக்குதா?" என்றார் சின்ன டாக்டர். "இல்லை." "வலிச்சா சொல்லுங்க, இன்னும் மருந்து போடலாம்." "வலிக்கல டாக்டர்." "அப்ப அழாதீங்கம்மா. அழுதா இது ஒட்டாது. காஞ்ச எடத்துலதான் பிடிக்கும். ஒரு ரெண்டு நிமிஷம் அழாம இருங்க, அப்புறம் அழுதுக்கலாம்." கால்மாட்டு டாக்டர் லேசாகச் சிரித்தார். ஆவுடையம்மாள் டம்ளர்களை எண்ணத் தொடங்கினாள். பத்து பத்தாக அடுக்கி, ஒவ்வொரு அடுக்கையும் கையால் தட்டி. கல்யாண வீட்டிலிருந்து வந்தவை, அடியில் பாயசம் ஒட்டியவை. ஒன்று, இரண்டு, மூன்று. சுண்டுவிரல். இல்லை, டம்ளர், முதலிலிருந்து. ஒன்று, இரண்டு. இத்தனை வருஷத்தில் அவர்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை; கடையில் கரண்டி குறைந்தாலும் அவர் அதே விரலைத்தான் நீட்டினார், அவளும் கரண்டியைத்தான் தேடினாள். ஆனால் பக்கவாதத்துக்குப் பிறகு, ஒன்றும் குறையாத நேரத்தில், சாப்பிட்டு முடித்து, மருந்து குடித்து, விளக்கு எரியும்போது, அவர் சில நாள் சுண்டுவிரலை நீட்டி அவளைப் பார்ப்பார். அவள் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "ஆமா" என்பாள். அதற்கு மட்டும்தான் ஆமா என்று பதில். அப்புறம் அவர் தூங்கிவிடுவார். நாலு, அஞ்சு, ஆறு. ஏழு. பஞ்சு வந்து ஒற்றியது. இன்னும் பஞ்சு. காய்ந்தது. பசை ஒரு துளி குளிர்ச்சியாய் விழுந்தது. "பிடிச்சிருச்சு" என்றார் டாக்டரம்மா. நாற்பதாவது டம்ளரில் இருந்தாள். நிறுத்தத் தெரியாமல் அறுபதுவரை போனாள்.

துணியை எடுத்தபோது வெளிச்சம் நான்கு பக்கமும் வந்தது. ஒரே கண் உள்ளவர்களுக்குக் கட்டுப் போடுவதில்லை என்று, பார்வையை மறைக்காத பிளாஸ்டிக் மூடி ஒன்றை வைத்து ஒட்டினார்கள். உட்கார வைத்தார்கள். எதிரே வெள்ளையாய் ஒரு உருவம் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டது. குரலை வைத்து டாக்டரம்மா என்று தெரிந்தது. "கட்டியை முழுசா எடுத்தாச்சும்மா. ஆனா அது கருவிழியோட அடி வரைக்கும் வேர் விட்டிருந்தது. அந்த எடத்துல ஒரு தழும்பு நிக்கும். நேர் நடுவுல. ஆள் தெரியும், கதவு தெரியும், நடமாடலாம். சின்னது தெரியாது. இப்ப இருக்குற பனி கொஞ்சம் விலகும், ரொம்ப எதிர்பார்க்காதீங்க. பிற்பாடு வேற வழி இருக்கான்னு பார்ப்போம். ஒத்தைக் கண்ணுல சும்மா கை வைக்க முடியாது." பிறகு கையைத் தூக்கினார். "இது எத்தனை விரல்?" வெள்ளையில் ஒரு கறை அசைந்தது. அவள் பழக்கத்தில் தலையை வலப்பக்கம் சாய்த்தாள். சாய்த்துப் பார்க்க வேண்டிய விளிம்பு இப்போது எந்தப் பக்கமும் இல்லை. "கை தெரியுது" என்றாள். "நல்லது" என்றார் டாக்டரம்மா. அவள் தோளில் ஒரு கணம் கை வைத்தார். அடுத்த ஆளுக்காகக் கை கழுவப் போனார். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

கடையில் வரப்போகிற சாமானைக் கணக்கில் சேர்ப்பதில்லை. வந்து இறங்கியதைத்தான் சேர்ப்பார்கள். "சிஸ்டர்" என்று கூப்பிட்டாள். ஜெபராணி வந்து கையைப் பிடித்தாள். "பாத்ரூமா?" "இல்லை. ஒரு உதவி. நீங்க அந்தச் செவத்தோரம் போய் நின்னு, உங்க இடது கையைக் கொஞ்சம் காட்டணும்." "என்னம்மா, ஜோசியம் பார்க்கப் போறீங்களா?" "இல்லம்மா. எங்க வீட்டுக்காரர் பேசுறது." அதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், மடியில் தன் இடது கையை வைத்து, பதினொன்றையும் ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிச் செய்து காட்டினாள். ரப்பர் செருப்புச் சத்தம் நின்றது; ஆயாவும் பார்க்கிறாள் போலிருக்கிறது. "வரிசையாக் காட்ட வேண்டாம். மாத்தி மாத்திக் காட்டுங்க. எனக்குச் சொல்லாதீங்க" என்றாள். ஜெபராணி சுவரோரம் போய் நின்றாள். முதலில் வந்தது விரிந்து வெள்ளையாய் இருந்தது. "தட்டு" என்றாள். "சரி" என்றாள் ஜெபராணி. அடுத்ததும் விரிந்தது. "தட்டு." "இல்லம்மா, இது கிண்ணம்." அடுத்தது உருண்டையாய் இருந்தது. முஷ்டி என்று சொல்ல வாயெடுத்து, "டம்ளரா?" என்றாள். "விளக்கு." அடுத்ததும் உருண்டை, அது கரண்டி. அடுத்ததும் உருண்டை, அது நெளிசல். பிறகு வந்த ஜோடியும், கட்டைவிரலும், டம்ளரும் அதே உருண்டைதான். கை ஆடியது, அது தெரிந்தது. நெஞ்சுக்குப் போனது, அதுவும் தெரிந்தது. "இதுதான் கடைசி" என்றாள் ஜெபராணி. கடைசி எது என்று ஆவுடையம்மாளுக்குத் தெரியும், பத்து போய்விட்டதே. அதனால் அதைப் பார்த்துச் சொல்வது கணக்காகாது. ஆனாலும் வெகுநேரம் பார்த்தாள். உருண்டைதான். அதிலிருந்து ஒன்றும் நீளவில்லை. தாகமும் வலியும் இருட்டும் அதுவும் ஒரே உருண்டைக்குள் இருந்தன. "ஆமா" என்றாள். "என்னம்மா?" என்றாள் ஜெபராணி. வெளியே அடுத்த ஆளைத் தள்ளிக்கொண்டு வரும் சக்கரச் சத்தம் கேட்டது. ஆவுடையம்மாள் மடியில் இருந்த கையைப் பார்க்காமல், விரித்தாள், மூடினாள், ஆட்டினாள், நெஞ்சில் வைத்தாள். மறுபடி ஒரு தடவை, தப்பு வரக் கூடாது என்று, முதலிலிருந்து எண்ணினாள். மிஞ்சியவை நான்கு.